மடங்காத குடை

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கறுப்புக் குடை விரிந்தபடியே தொங்குகிறது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு முடுக்குக்குள் இருக்கிற சின்ன வீடு எங்களுடையது. நாலு பேர் உட்கார்ந்தால் முன்னறை நிறைந்துவிடும். அப்படிப்பட்ட அறையில் கூரை மரத்திலிருந்து கம்பி கட்டி ஒரு பெரிய குடை தொங்கினால் யார் கண்ணிலும் படாமல் இருக்காது. உயரமானவர்கள் குனிந்துதான் உள்ளே வரவேண்டும். காற்று வரும்போது அது இலேசாகச் சுற்றும். ஒரு பக்கத்துக் கம்பி வளைந்துபோய், அந்த இடத்தில் துணி சுருங்கியிருக்கிறது. வீட்டுக்குள் குடையை விரித்து வைப்பது நல்லதில்லை, மடக்கி வையுங்கள் என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். நான் சிரித்துவிட்டுச் சும்மா இருப்பேன். எனக்குச் சட்டென்று பேச்சு வராது. என் மனைவிக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. காதில் விழாதவள்போல எழுந்து குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்தக் குடை அவளுடைய அப்பாவுடையது. என் மாமனாருடையது.

மாமனார் மலையகத்தில் அட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி, அதே லயத்தின் வரிசை வீட்டில் கிழவரானவர். தேயிலைச் செடியைக் கழுத்தளவு வளரவிடாமல் இடுப்பளவில் வெட்டி நிறுத்துவதுதான் கவ்வாத்து. அந்த வேலை செய்து செய்து அவருடைய வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருந்தது. மாமியார் தவறியபின் அவரைத் தனியே விட மனமில்லாமல் என் மனைவி போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்த மறுநாளே புறக்கோட்டைக்குப் போய் அவருக்கு ஒரு குடை வாங்கினாள். வளைந்த பிடி போட்ட பெரிய குடை. கொழும்பு மழை சொல்லாமல் வரும், வயதான உடம்பு நனையக் கூடாது என்று சொல்லிக் கையில் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, விரித்துப் பார்த்து, "நல்ல கொடை தாயி" என்று சொல்லி உடனே மடக்கிவிட்டார்.

முதல் மழை அன்று நான் வெள்ளவத்தையில் வேலையில் இருந்தேன். அங்கே ஒரு புடைவைக் கடையில் சேலைகளை மடித்து அடுக்குவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு கொழும்புக்கு வந்தவனுக்கு அது குறைவான வேலை இல்லை. மாலையில் வீட்டுக்கு வந்தபோது வாசலில் மாமனார் தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றார். கையில் மடக்கிய குடை. எங்களுக்கு எதிர்வீட்டில் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். அவர் தன் வாசலிலிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்கட மாமாவுக்கு என்ன பிரச்சினை? குடையைக் கையில வச்சுக்கொண்டு நனையிற ஆளை நான் இப்பதான் காணுறன். புதுக்குடை நனைஞ்சு போடும் எண்டு பயப்பிடுறாரோ?"

மாமனார் சிரித்தார். "விரிச்சுத்தான் போனேன் மாப்புள. சந்தியில ஒரு ஐயா வந்தாரு, மடக்கினேன். அவரு போனதும் விரிச்சேன். இன்னொரு ஐயா வந்தாரு. திரும்ப மடக்கினேன். பேங்கு கிட்ட ரெண்டு மூணு ஐயாமாரு சேந்தாப்புல வந்தாங்க. கொழும்புல ஐயாமாரு ஜாஸ்தி. சும்மா எதுக்கு விரிச்சு விரிச்சு மடக்கணும், மடக்கியே இருக்கட்டும்னு வந்துட்டேன்."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. உள்ளே என் மனைவி சிரிக்கவில்லை. துவாயை எடுத்து வந்து அப்பாவின் தலையை அழுத்தித் துடைத்தாள். அவருக்கு வலித்திருக்க வேண்டும். அவர் தலையைக் குனிந்து கொடுத்தார்.

நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான் என்பதால் அவர் செய்தது எனக்குப் புரிந்தது. சின்ன வயதிலேயே வந்துவிட்டதால் மறந்திருந்தேன். தோட்டத்துப் பாதை ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மேட்டுப் பக்கத்தில் மழைத் தண்ணீர் ஓடுவதற்குக் கான் வெட்டியிருக்கும். தோட்டத்தை நடத்துகிற துரையின் வண்டிச் சத்தம் கேட்டால் குடையை மடக்க வேண்டும். தலையில் துண்டு இருந்தால் எடுத்துவிட வேண்டும். காலில் செருப்பு இருந்தால் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும். பிறகு பாதையை விட்டுக் கானுக்குள் இறங்கி, வண்டி போகும்வரை தலையைக் குனிந்து நிற்க வேண்டும். இதை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பதில்லை. நடக்கப் பழகும் பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே இறங்கப் பழகிவிடும்.

இந்தப் பழக்கம் தங்கள் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று மாமனார் ஒருநாள் சொன்னார். அவருடைய தாத்தாவின் அப்பா இந்தியாவில் பஞ்சம் தாங்க முடியாமல் ஆள் சேர்க்க வந்த கங்காணியின் பேச்சை நம்பிக் கப்பலேறியவர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக மலைக்கு நடந்தவர்களில் பாதிப் பேர் வந்து சேரவில்லை என்று சொல்வார்களாம். வந்து சேர்ந்தவர்கள் காடு வெட்டினார்கள். முதலில் கோப்பி, பிறகு தேயிலை. மழைக்குக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொள்ளும் காலம் அது. அந்த மனிதரின் மகன், அதாவது மாமனாரின் தாத்தா, ஆசைப்பட்டுச் சந்தையில் ஒரு குடை வாங்கியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு பாதையில் வந்தபோது எதிரே குதிரையில் வெள்ளைக்காரத் துரை. குடை விரிந்ததைக் கண்டு குதிரை மிரண்டதா, துரைதான் மிரண்டாரா தெரியாது. குதிரை மேலிருந்தபடியே சவுக்கால் அடித்தார். முதல் அடி குடைத்துணியைக் கிழித்தது. அடுத்தது முகத்தைக் கிழித்தது. "அதுலருந்து எங்க வீட்ல குதுர சத்தம் கேட்டா கொடை மடங்கிரும்" என்று சொல்லி முடித்தார் மாமனார். கதை சொல்லும்போது அவர் குரலில் கோபமே இல்லை. அந்தத் தாத்தா அப்படிக் குடை பிடித்தது தவறு என்பதுபோலத்தான் சொன்னார்.

அதைக் கேட்டபின் நான் பல நாள் யோசித்தேன். படிப்பில்லாதவன் யோசனைதான். ஒரு மலை முழுக்க ஆயிரக்கணக்கில் ஆட்கள். அவர்கள் கையில் கத்தி, மண்வெட்டி. நடுவில் ஒரு பங்களா, அதில் ஒரே ஒரு வெள்ளைக்காரர். கடல் கடந்து வந்து, அடுத்தவர் நாட்டில், அடுத்தவர் உழைப்பில் தன் ஊருக்குத் தேயிலை அனுப்ப வேண்டும். எப்போதும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டே இருக்க முடியுமா? ஆகவே துப்பாக்கி செய்ய வேண்டிய வேலையைக் குடை மடக்குவதும், கானில் இறங்குவதும் செய்தன. ஒரு நாளைக்குப் பல தடவை ஒருவன் தானாகவே இறங்கி நின்றால், ஒருநாளும் அவன் கத்தியைத் தூக்க மாட்டான். அந்த வெள்ளைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். எங்கள் உடம்புக்குள்ளேயே ஒரு காவல்காரனை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

போனார்கள் என்பதும் உண்மைதான். அவர்கள் போனவுடனே எங்கள் ஆட்களின் குடியுரிமை போனது. நீ இந்த நாடும் இல்லை, அந்த நாடும் இல்லை என்றார்கள். எத்தனையோ குடும்பங்களை அண்ணன் இங்கே தம்பி அங்கே என்று பிரித்துக் கப்பலேற்றினார்கள். எஞ்சியவர்கள் அதே லயத்தில், அதே ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தார்கள். பங்களாவுக்கு எங்கள் நாட்டுத் துரைமார் வந்தார்கள். நிறம் மட்டும்தான் மாறியது. வெள்ளைக்காரர் விட்டுப்போன அதே அரைக்கால் சட்டை, அதே சப்பாத்து, முழங்கால்வரை அதே நீளக் காலுறை, அதே பிரம்பு. குதிரைக்குப் பதில் ஜீப். கான் அதே கான்தான்.

என் மனைவிக்கு ஒரு தம்பி இருந்தான். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் அவள் எனக்கு அதைச் சொன்னாள். இரண்டு வயதுகூட ஆகாத பிள்ளை. காய்ச்சல் கண்டு, தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக்கொண்டு மாமனார் அவனைத் தோளில் போட்டுத் திரும்பி வந்தார். அடைமழை. இவள் பக்கத்தில் அப்பாவின் குடைக்குள் ஒண்டிக்கொண்டு நடந்தாள். வளைவில் துரையின் ஜீப் வந்தது. அப்பா குடையை மடக்கினார். இவள் தம்பி நனைகிறானே என்று நின்றுவிட்டாள். அப்பா அவளுடைய கவுனின் ஓரத்தைப் பிடித்துக் கானுக்குள் இழுத்தார். ஜீப் போயிருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் அது நின்றது. துரை கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு ஏதோ பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். கணக்கப்பிள்ளை சிரித்ததும் அவளுக்கு நினைவிருக்கிறது. கானில் தண்ணீர் அவள் முழங்காலுக்கு ஏறியது. அப்பா பிள்ளையைத் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மடக்கிய குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்து நின்றார். துரை அவர்கள் பக்கம் பார்க்கவேயில்லை. அந்த வாரமே தம்பி செத்துப்போனான். மழையால் செத்தானா, இல்லாவிட்டாலும் சாகிற காய்ச்சலா என்று யாருக்கும் தெரியாது. அப்பாவும் மகளும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

இதைத் தெரிந்தவன் என்பதால், அவள் ஒருநாள் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை. "இங்க பாருங்க, எங்கப்பா சாகுறதுக்கு முன்னாடி ஒரு மழையிலயாவது நனையாம நடக்கணும். எவனுக்காகவும் எறங்காம நடக்கணும். எனக்கு அவரு கிட்ட வேற ஒண்ணும் வேணாம்."

அவள் வழி அவளுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் என்னைக் கல்யாணக் கால்சட்டையைப் போடச் சொன்னாள். அது இடுப்பில் பூட்ட மறுத்தது. எங்கள் மகளின் சட்டை ஊசி ஒன்றைக் குத்திக்கொண்டேன். சப்பாத்தும் போட்டேன். மாமனாரை முடுக்கின் ஒரு முனையில் குடையை விரித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள். என்னை மறுமுனையிலிருந்து துரை மாதிரி நடந்து வரச் சொன்னாள். நல்ல வெயில். முடுக்கில் எல்லா வாசலிலும் சனம் வந்துவிட்டது. எனக்கு வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பாதி தூரம் போவதற்குள் மாமனார் குடையை இறக்கிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"மாப்புள, நீங்க தொரை மாதிரியே இல்ல. கடன்காரன் மாதிரி வர்றீங்க. தொரை எங்கயாவது பூமியப் பாத்து நடப்பாரா?"

"அப்ப நீங்களே நடந்து காட்டுங்க மாமா" என்றேன்.

டீச்சரும் விடவில்லை. "ஓம் ஐயா, காட்டுங்கோ. நாங்களும் பாப்பம்."

அவர் குடையை என் கையில் தந்தார். சாரத்தை முழங்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டினார், அரைக்கால் சட்டைபோல. ஒரு விறகுக் குச்சியை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டினார். தாடையைத் தூக்கி, எங்கள் எல்லோருடைய தலைக்கும் மேலே எதையோ பார்த்துக்கொண்டு நடந்தார். தாழ்ந்திருந்த அந்த வலது தோள் எப்படியோ நிமிர்ந்துவிட்டது. என் பக்கத்தில் வந்து நின்று, குச்சியால் என் கையிலிருந்த குடையைத் தட்டி, "ஏய்! யாருடா நீ? கொடைய மடக்குடா!" என்றார். குரல் அவருடையது இல்லை. முடுக்கே சிரித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். சிரித்துக்கொண்டே நான் கையைப் பார்த்தேன். குடை மடங்கியிருந்தது. எப்போது மடக்கினேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அவரும் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. குச்சியைக் கீழே போட்டார். சாரத்தை இறக்கிவிட்டு, "போதும் தாயி, வெய்யிலா இருக்கு" என்று உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் என் மனைவி விடவில்லை. தினமும் மாலையில் அவரைக் கையைப் பிடித்து வீதிக்குக் கூட்டிப்போவாள். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடை விரிந்திருக்க வேண்டும். யாராவது கால்சட்டைக்காரர் வந்தால் பிடியின் மேல் இருக்கிற அப்பாவின் கையைத் தன் கையால் அமுக்கிக்கொள்வாள். "அவரு தொரை இல்லப்பா. கடையில பில்லுப் போடுறவரு." "அவரு இன்சூரன்ஸ் விக்கிறவரு. நம்ம வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனாரே." அவருக்குப் புரியும். தலையாட்டுவார். கைக்குத்தான் புரியாது. ஐந்து விரலும் தனியாக உயிர் உள்ளவைபோல மடக்குகிற பொத்தானைத் தேடும்.

அந்த நாட்களில்தான் எங்கள் மகளுக்கு ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை கிடைத்தது. முதல் நாள் காலையில் அவள் முழங்கால்வரைப் பாவாடையும் சட்டையும் சப்பாத்துமாக, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, உள்ளறையிலிருந்து வந்தாள். பாயில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மாமனார் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்துவிட்டது. "போய்ட்டு வாங்க" என்றார். சின்ன வயதில் தோட்டத்துக்கு வந்தபோதெல்லாம் தான் தோளில் தூக்கி நடந்த பேத்தியை. மகள் சிரித்து, "என்னா தாத்தா, என்னைப் போய் வாங்க போங்கன்னு" என்று அவர் கன்னத்தைத் தட்டிவிட்டு ஓடினாள். அவளுக்கு அது பகிடி. என் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஒருநாள் அது நடந்தது. நானும் கூட இருந்தேன். பௌர்ணமிப் போயா விடுமுறை, கடை இல்லை. மாலையில் மூவரும் சந்திப் பக்கம் நடந்தோம். நல்ல மழை. எதிரே ஒரு பெரிய வாகனம் வந்து நின்று, அதிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் இறங்கினார். யாரோ குடை பிடிக்க, அவர் நேராக எங்களை நோக்கி நடைபாதையில் வந்தார். என் மனைவி வேண்டுமென்றே தன் கையை எடுத்துவிட்டாள். மாமனார் நின்றார். விரல்கள் பொத்தானைத் தேடின. குடை ஆடி மழைத்துளிகள் எங்கள்மேல் சிதறின. அந்த மனிதர் எங்களைக் கடந்து போனார். குடை மடங்கவில்லை. போனபின்பும் மாமனார் அசையவில்லை. தலையை உயர்த்திக் குடையின் உட்பக்கத்தைப் பார்த்தார், அங்கே எதுவோ எழுதியிருப்பதுபோல. அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கும் விரிச்சே வச்சிருந்திருக்கலாம் தாயி."

எந்த அன்று என்று அவள் கேட்கவில்லை. அத்தனை வருடத்தில் அவர்கள் அதைப் பற்றிப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். வீட்டுக்கு வரும்வரை அவள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மழையில் நனையாமல் வந்தோம்.

ஒன்றை நான் அப்போது கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அந்த இடத்தில் நடைபாதை அகலம். இறங்கத் தேவையே இருக்கவில்லை.

அதன்பின் அவர் தனியாகப் போகத் தொடங்கினார். பாண் வாங்கப் பேக்கரிக்கு, கோயிலுக்கு. குடையைப் பிடித்துக்கொண்டு முடுக்கில் போகும்போது டீச்சர், "தொரை எங்க வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்பார். "பேங்குக்கு" என்று இவர் பதில் சொல்வார். அவர் வாழ்க்கையில் பேங்குக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அந்தப் பகிடியைச் சொல்ல அவருக்கு ஆசை. என் மனைவி அந்த நாட்களில் வேலை செய்யும்போது பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை.

மழை பெய்த ஒரு காலையில் எனக்குக் கடைக்குத் தொலைபேசி வந்தது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் வருவதற்குள் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சம்பவம் நடந்த இடத்தில் பழம் விற்கிற முஸ்லிம் மனிதர் ஒருவர் குடையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். அவர்தான் நடந்ததைப் பார்த்தவர். அந்த இடத்தில் நடைபாதை ஒடுக்கம். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பிரதான வீதி.

"மாமா இந்தப் பக்கத்தால வந்தாரு. அங்கிருந்து டை கட்டின ஒரு மனிசன் போனில பேசிக்கிட்டு வந்தாரு. மாமா நின்டாரு. நான் பாத்துக்கிட்டுத்தான் ஈந்தேன். கொடைய மடக்கல்ல. ஒழுங்காப் புடிச்சிக்கிட்டு அப்பிடியே ஒரு கால எடுத்து ரோட்டுல வெச்சிட்டாரு. அடுத்த காலையும் வெச்சிட்டாரு. குனிஞ்சு நின்டாரு. பஸ் வந்த வேகத்துக்கு என்ன செய்யிற?"

டை கட்டியவர் பேசிக்கொண்டே போய்விட்டாராம். பின்னால் நடந்தது அவருக்குத் தெரிந்திருக்காது.

தோட்டத்துப் பாதையின் ஓரத்தில் கான் இருக்கும். கொழும்பு நடைபாதையின் ஓரத்தில் பஸ் ஓடும். அவர் கைக்கு என் மனைவி கற்றுக் கொடுத்துவிட்டாள். காலுக்குக் கற்றுக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. குதிரையும் சவுக்கும் மண்ணோடு மண்ணாகி எவ்வளவோ காலமான பிறகு, அந்த வெள்ளைக்காரர் யார், எந்த ஊர்க்காரர், பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாமல் போன பிறகு, கொட்டாஞ்சேனை வீதியில் ஒரு கிழவர் அவருக்காகக் காலை இறக்கி வைத்தார்.

சில நாள் உயிரோடு இருந்தார். வார்டில் டாக்டர்கள் வெள்ளைக் கோட்டுடன் கூட்டமாக வரும்போதெல்லாம், அசைக்க முடியாத அந்த உடம்பை எழுப்பப் பார்ப்பார். தாதி வந்து தோளை அமுக்குவார். தாத்தா என்பதைச் சிங்களத்தில் சொல்லி, "சீயா, படுங்க, படுங்க" என்பார். ஒரு பகலில் என் மனைவி அவருக்குத் தேக்கரண்டியால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"கொடைய மடக்கல தாயி."

"தெரியும்பா. பழக்கடைக்காரரு சொன்னாரு."

"மடக்கவே இல்ல."

"இல்லப்பா. நீங்க மடக்கல."

அவருக்கு நிம்மதியாக இருந்ததுபோல் தெரிந்தது. அதற்குமேல் விளங்கும்படி அவர் ஒன்றும் பேசவில்லை.

மரண விசாரணைக்கு என்னையும் மனைவியையும் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி வயதான சிங்களவர், கெட்ட மனிதர் இல்லை. மெதுவாகக் கேட்டார். வீதியைக் கடக்கப் போனாரா? இல்லை. கண் தெரியாதவரா? நன்றாகத் தெரியும். குடிப்பாரா? அவர் வாழ்க்கையில் குடித்ததில்லை. அப்படியானால் ஏன் வீதியில் இறங்கினார்?

நான் பேச வேண்டிய இடம் அது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். "ஒரு பெரிய மனிதர் வந்தார், சேர். அவருக்கு வழிவிட இறங்கினார்."

"அவர் இறங்கச் சொன்னாரா?"

"இல்லை."

"தள்ளினாரா?"

"இல்லை, சேர். அவர் பார்க்கவேயில்லை."

"அப்படியானால் யார் இறங்கச் சொன்னது?"

குதிரையில் வந்தவர் என்று சொல்லவா? கணக்கப்பிள்ளையோடு சிரித்துப் பேசியவர் என்று சொல்லவா? அந்த அறையில் பஸ் சாரதியும் இருந்தான். சின்னப் பையன்தான், அழுதழுது கண் வீங்கியிருந்தது. அவன்மீது எனக்குக் கோபம் வரவில்லை. யார்மீது வரவேண்டும் என்று தேடினால் ஒருவரும் இல்லை. என் மனைவிதான் பேசினாள். "யாரும் சொல்லத் தேவையில்லை, சேர். எங்கள் ஆட்கள் இறங்குவார்கள். அவர் வீதியைக் கடக்கவில்லை, வழிவிட்டார் என்று போடுங்கள். என் அப்பா கவனம் இல்லாதவர் இல்லை."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு ஏதோ கொஞ்சம் விளங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் அப்படியொரு காரணம் சட்டத்தில் இல்லை என்றார். கவனக்குறைவாக வீதியில் இறங்கியதால் நேர்ந்த விபத்து என்றுதான் முடிவானது. வெளியே வந்தபின்தான் ஒன்று எனக்கு உறைத்தது. எங்களுக்கு என்று இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். என் மனைவி ஒன்றில் உட்கார்ந்துதான் பேசினாள். நான் முழு நேரமும் நின்றுகொண்டிருந்தேன்.

குடையைப் பழக்கடைக்காரர் கொண்டுவந்து தந்தார். விழுந்ததில் ஒரு கம்பி வளைந்து, பொத்தான் இறுகி, எவ்வளவு இழுத்தாலும் மடங்கவில்லை. புறக்கோட்டையில் நடைபாதையில் உட்கார்ந்து குடை திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோனோம். விரிந்த குடையோடு பஸ்ஸில் ஏற முடியாமல் நடந்தே போனோம். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணும் இல்ல, ஒரு தட்டுத் தட்டினா மடங்கிரும்" என்று சுத்தியலை எடுத்தார். என் மனைவி அவர் கையிலிருந்து குடையைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டாள். வந்த வழியே திரும்பி நடந்தோம். வீட்டு வாசலில் சரித்துச் சரித்து உள்ளே நுழைத்தோம். அன்று கட்டித் தொங்கவிட்டதுதான்.

போன வாரம் வீட்டின் சொந்தக்காரர் வந்தார். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர், பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். நல்ல கால்சட்டை, பளபளக்கும் சப்பாத்து. வெளியே மழை. அவர் குனிந்து உள்ளே வந்தபோது குடையின் விளிம்பு அவர் தலைமயிரைத் தொட்டது. நான் அதற்குள் எழுந்து நின்றுவிட்டேன். என் மனைவி உட்கார்ந்தபடியே வாங்க என்றாள்.

"வீட்டுக்குள்ள என்ன இது? மடக்கி ஒரு பக்கம் வைங்க" என்றார் அவர்.

இந்த முறை அவள் குசினிக்குள் எழுந்து போகவில்லை. "அது மடங்காது, ஐயா. நீங்க இப்பிடி உக்காருங்க" என்று எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினாள்.

அவர் உட்கார்ந்தார். நானும் உட்கார வேண்டும் என்று நினைத்தேன். என் நாற்காலி பின்னால்தான் இருந்தது. முழங்கால் கேட்கவில்லை. அப்போது என் சட்டையின் ஓரத்தை யாரோ பிடித்து இழுத்தார்கள். என் மனைவி. அவள் அவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல், சட்டையின் ஓரத்தை விடாமல் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் தலைக்கு மேலே குடை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.